கண்மாயில் கிடந்த உருண்டையும் வராத பதிலும்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தேவகோட்டைப் பக்கம் உங்கள் அம்மா ஊர்க் கண்மாய்க்குள் ஆடு மேய்த்தவர்கள் ஒரு உலோக உருண்டையைப் பார்த்திருக்கிறார்கள். விஏஓ வந்தார், போலீஸ் வந்தது, அப்புறம் வெடிகுண்டு சோதிக்கிறவர்கள் வந்தார்கள், சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு வருடமாக அது என்ன என்று யாரும் ஊருக்குச் சொல்லவில்லை. “வானத்திலிருந்து விழுகிறதை அரசாங்கங்கள் ஏன் இப்படி மறைக்கின்றன? ஒன்றும் இல்லை என்றால் சொல்லிவிட்டுப் போகலாமே?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. விழுந்தது என்ன என்பது ஒன்று. சொல்லாமல் போனதற்கு என்ன அர்த்தம் என்பது மற்றொன்று. பொருளைப் பார்க்காமல் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. காரைக்குடியில் முப்பது வருடத்துக்கு மேல், உலோகம் எப்படி அரிக்கிறது, எப்படி உடைகிறது, சூட்டில் எப்படி நிறம் மாறுகிறது என்று பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. ராக்கெட் துறையில் இருந்ததில்லை, சட்டம் படித்ததில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். செயலிழந்த செயற்கைக்கோள்களும், ராக்கெட்டின் கழன்ற பாகங்களும் பூமிக்குத் திரும்பி விழுவது அபூர்வமான சம்பவமில்லை. முழு செயற்கைக்கோளோ முழு ராக்கெட் பாகமோ இப்போது ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்றுக்கு மேல் காற்றுமண்டலத்துக்குள் நுழைவதாக ஐரோப்பிய விண்வெளி முகமையின் கணக்கு சொல்கிறது. நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வருவதால் பெரும்பகுதி உருகிச் சிதறிவிடும். ராக்கெட்டின் உடம்பில் அதிகம் இருக்கும் அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. டைட்டேனியம் உருக 1,668 டிகிரி வேண்டும். இந்த வித்தியாசம்தான் உங்கள் ஊர்க் கதைக்கு முக்கியம். ராக்கெட்டுக்குள் ஹீலியம், நைட்ரஜன் போன்ற வாயுக்களை மிக அதிக அழுத்தத்தில் அடைத்து வைக்கும் கலன்கள் பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். அவற்றை டைட்டேனியத்தில் செய்வார்கள், சிலவற்றின் மேல் கார்பன் நாரைச் சுற்றுவார்கள். எல்லாம் எரிந்த பிறகும் தப்பி வருவது இந்த உருண்டைகள்தான். 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் சுமார் மூன்று மீட்டர் விட்டமுள்ள வளையமும் உருண்டைகளும் விழுந்தன. அடுத்த மாதமே குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் உருண்டைகள். நமீபியாவில் 2011இல், வியட்நாமில் 2016இல் என்று உலகம் முழுக்க இதே வடிவம்தான். ஆகவே உருண்டை என்று நீங்கள் எழுதியதும் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அதே நேரம், உருண்டையாக இருக்கும் எல்லாமே வானத்திலிருந்து வந்ததும் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பரிசோதனைச் சாலைக்கு இப்படி ஒரு பொருள் வந்தால் என்ன செய்வோம்? முதலில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் உள்ளே எரிபொருள் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹைட்ரசீன் என்ற எரிபொருள் கொடிய நஞ்சு, அம்மோனியா போல மூக்கில் ஏறும். அதனால்தான் இப்படி எதையாவது கண்டால் தொடாதீர்கள், குனிந்து முகராதீர்கள் என்று சொல்கிறோம். பிறகு எடைக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதம். ஒரு கன சென்டிமீட்டர் டைட்டேனியம் நாலரை கிராம், இரும்பு ஏழே முக்கால் கிராமுக்கு மேல், அலுமினியம் மூன்று கிராமுக்கும் குறைவு. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்போம். பற்றவைத்த தையலைப் பார்ப்போம். விண்வெளி வேலைக்குச் செய்த தையல் ஒரே அகலத்தில், சீராக ஓடும்; நம் பட்டறைத் தையலோடு சேர்த்து வைத்தால் கண்ணுக்கே தெரியும். கடைசியாக மேற்பரப்பு. சூட்டில் ஆக்சிஜன் உள்ளே இறங்கி டைட்டேனியத்தின் மேல்தோல் கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும், நீலமும் வைக்கோல் மஞ்சளும் கலந்த நிறம் படிந்திருக்கும். இவ்வளவும் பார்த்த பிறகு ‘இது விண்வெளிக் கலனின் பாகம்’ என்று உறுதியாகச் சொல்லலாம். யாருடையது என்பதை உலோகத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அதற்கு, அந்த நாளில், அந்த நேரத்தில், அந்த ஊருக்கு மேல் எந்தப் பொருள் விழுந்திருக்க முடியும் என்ற சுற்றுப்பாதைக் கணக்கு வேண்டும். சந்திரபூர் வளையத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டு, 2021 பிப்ரவரியில் ஏவிய சீனாவின் லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் மூன்றாம் பாகமாக இருக்கலாம் என்று ஜோனதன் மெக்டவல் போன்ற வானியலாளர்கள் உடனே சொன்னார்கள். பொதுவில் யாரும் பார்க்கக்கூடிய தடங்களை வைத்தே சொன்னார்கள்.

அப்படியானால் மறைக்க என்ன இருக்கிறது? சில சமயம் நிஜமாகவே இருக்கிறது. உளவு செயற்கைக்கோளின் பாகமாக இருந்தால் அதன் உலோகக் கலவையே ஒரு ரகசியம். 1978 ஜனவரி 24 அன்று கனடாவின் வடக்குப் பகுதியில் விழுந்த சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோளுக்குள் அணு உலை இருந்தது. உலையைப் பற்றிக் கனடா கேட்ட விவரங்களுக்கு சோவியத் தரப்பிலிருந்து முழுப் பதில் வரவில்லை. பனிக்காட்டில் மாதக்கணக்கில் தேடி, 60 லட்சம் கனடிய டாலருக்கு மேல் கணக்கு அனுப்பி, 1981இல் 30 லட்சம்தான் வாங்கினார்கள். காஸ்மாஸ் விழுந்ததற்கு ஆறு வருடம் முன்பு, 1972இல், நியூசிலாந்தின் ஆஷ்பர்ட்டன் பக்கம் வயல்களில் டைட்டேனியம் உருண்டைகள் விழுந்தன. செய்திருந்த விதத்தைப் பார்த்தே சோவியத் பொருள் என்று தெரிந்தது. சோவியத் ‘எங்களுடையது இல்லை’ என்று சொல்லிவிட்டது, சொந்தக்காரர் இல்லாததால் உருண்டைகள் வயல்காரர்களுக்கே போய்ச் சேர்ந்தன. சொந்தம் கொண்டாடினால் சேதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதை இங்கே கவனியுங்கள். 1972ஆம் ஆண்டு பொறுப்பு உடன்படிக்கைப்படி, தரையில் ஏற்படும் சேதத்துக்கு ஏவிய நாடு முழுப் பொறுப்பு. தவறு நடந்ததா என்று நிரூபிக்கவே வேண்டாம். ஆகவே வாயை மூடிக்கொள்ள ஏவிய நாட்டுக்குக் காரணம் உண்டு. பொருள் யார் மண்ணில் விழுந்ததோ அவர்களுக்கு அந்தக் காரணம் கிடையாது. 1968ஆம் ஆண்டு மீட்பு உடன்படிக்கை அவர்களிடம் கேட்பது, ஏவிய நாட்டுக்கும் ஐநா பொதுச் செயலாளருக்கும் தெரிவியுங்கள், கேட்டால் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான். ஊர்க்காரர்களிடம் மறைக்கச் சொல்லும் வரி அதில் இல்லை. இப்படி வரும் அறிவிப்புகளை ஐநாவின் விண்வெளி அலுவலகம் பொதுவில்தான் வைக்கிறது. இந்தியா இந்த இரண்டு உடன்படிக்கைகளிலும் இருக்கிறது.

சந்தேகப்படுகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் படித்தவர்களிடம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது, ஏனென்றால் வரலாறு அவர்கள் பக்கமும் கொஞ்சம் சாய்கிறது. 1947 ஜூலையில் அமெரிக்காவின் ராஸ்வெல் ஊரில் பறக்கும் தட்டு கிடைத்ததாக ராணுவ முகாமே அறிவித்து, உடனே அதை வானிலை பலூன் என்று மாற்றியது. சோவியத்தின் அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்க விட்ட ரகசிய பலூன் அது என்று அமெரிக்க விமானப்படை 1994இல்தான் சொன்னது. அதாவது மக்கள் ‘ஏதோ மறைக்கிறார்கள்’ என்று நினைத்தது சரி, ‘வேற்றுக்கிரகவாசிகளை மறைக்கிறார்கள்’ என்று நினைத்தது தப்பு. நாற்பத்தேழு வருட மௌனத்துக்குப் பிறகு வந்த உண்மையை யார் நம்புவார்கள்? விழுந்த அயல்நாட்டு விண்வெளிப் பொருட்களைப் போய் எடுத்துவரும் ‘மூன் டஸ்ட்’ என்ற ரகசியத் திட்டம் அமெரிக்காவில் இருந்ததும் பின்னால் வெளிவந்த ஆவணங்களில் தெரிந்தது.

நம் நாட்டுக் கதை இதைவிடக் கனமானது. அது விண்வெளிக் குப்பை இல்லை, ஆனால் விண்கலங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் அதே வகைப் புளூட்டோனியம் கருவி. 1965இல் சீனாவின் ஏவுகணைச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்க, இந்திய உளவுத் துறைகள் சேர்ந்து அதை இமயமலையின் நந்தாதேவி சிகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வானிலை மோசமானதால் மலையிலேயே கட்டி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த வருடம் போய்ப் பார்த்தபோது காணவில்லை. 1978 ஏப்ரலில் பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ளும் வரை மலையடிவாரத்து மக்களுக்கு ஒன்றும் தெரியாது. 2021 பிப்ரவரியில் அந்த மலைப்பகுதியில், உத்தரகாண்டின் சமோலி மாவட்டத்தில், பெருவெள்ளம் வந்தபோது, அங்குள்ள ரைனி கிராமத்து மக்கள் முதலில் நினைத்தது அந்தக் கருவியைத்தான். பாறையும் பனியும் பெருமளவில் சரிந்ததுதான் வெள்ளத்துக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள், அதை நான் ஏற்கிறேன். ஆனாலும் ரைனி மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதின்மூன்று வருடம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்தவர்கள், அடுத்த நாற்பது வருடம் என்ன சொன்னாலும் கேட்பவர் மனதில் ஒரு ஓரம் இடறத்தான் செய்யும்.

சரி, உங்கள் ஊர்க் கண்மாய்க்கு வருவோம். உளவு, ஒப்பந்தம், அணு உலை எல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். மாவட்ட அளவில் நான் பார்த்த வரையில், மௌனத்துக்குப் பின்னால் ரகசியம் இருந்ததைவிடப் பதில் தெரியாத நிலைமை இருந்ததுதான் அதிகம். விஏஓ தாசில்தாருக்குச் சொல்வார். தாசில்தார் போலீஸுக்குச் சொல்வார். போலீஸ் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு வேறொரு அலுவலகத்துக்கு எழுதும். அவர்கள் ‘எங்கள் சம்பந்தப்பட்டது இல்லை’ என்று இன்னொரு துறையைக் காட்டுவார்கள். அனுமதி இல்லாமல் பத்திரிகைக்குப் பேசக்கூடாது என்று நடத்தை விதி வேறு இருக்கிறது. பேசினால் விளக்கம் கேட்டு மெமோ வரும், பேசாமல் இருந்தால் ஒன்றும் வராது. இந்த நிலைமையில் எந்த அதிகாரி வாயைத் திறப்பார்? வெளியே நின்று பார்க்கிற உங்களுக்கு, ‘தெரிந்தும் சொல்லவில்லை’ என்பதும் ‘தெரியாததால் சொல்லவில்லை’ என்பதும் ஒரே மாதிரிதான் இருக்கும். சந்தேகம் வளர்கிற இடம் அதுதான்.

இதை நான் வேடிக்கை பார்த்துச் சொல்லவில்லை, ஒரு முறை நானும் அதில் பங்காளி. தொண்ணூறுகளில், திருமயம் பக்கத்து ஊர் ஒன்றின் பொட்டலில் கிடந்ததாக ஒரு உருண்டையை ஒரு அலுவலகம் எங்களிடம் அனுப்பியது. எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம். கால்பந்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதைப் பெற்றுக்கொள்வதற்கு முன் இடத்தையும் பார்த்துவரச் சொன்னதால் போயிருந்தேன். சீமைக்கருவேலத்துக்கு நடுவே ஊரே திரண்டு நின்றது. ஒரு அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏப்பா, புள்ளைக வெளையாடுற எடம்ப்பா. குண்டா, இல்லையான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்கப்பா” என்றார். சோதித்துவிட்டுச் சொல்கிறோம் அப்பத்தா என்றேன். மூன்று நாளில் தெரிந்துவிட்டது. சாதாரண எவர்சில்வர் தகட்டில் செய்த உள்ளீடற்ற மிதவை, பெரிய தண்ணீர்த் தொட்டிகளிலோ பாய்லர் தொட்டிகளிலோ மட்டம் காட்ட வைப்பது. சூடு பட்ட அடையாளமே இல்லை. பழைய இரும்பு ஏற்றிப்போன வண்டியிலிருந்து உருண்டு விழுந்திருக்கலாம் என்பது என் ஊகம், அது ஊகம் மட்டுமே. நான்கு வரியில் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அந்த அலுவலகம் அதன் மேல் ‘ரகசியம்’ என்று முத்திரை குத்திக் கோப்பில் வைத்தது. ஊருக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்டதற்கு, மேலிடத்திலிருந்து உத்தரவு வரட்டும் என்றார்கள். உத்தரவு வரவே இல்லை. எனக்கும் வேறு வேலை வந்தது. பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன். “எங்க ஊர்ல விழுந்த ராக்கெட்டை நீங்கதான ஐயா எடுத்துட்டுப் போனீங்க” என்றார். அந்தப் பொட்டலில் பிள்ளைகளை விளையாட விடுவதை நிறுத்திவிட்டார்களாம். தண்ணீர்த் தொட்டி மிதவைக்காக. நான் அன்றைக்கே ஒரு அஞ்சலட்டை போட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்த அப்பத்தாவுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றாதது இன்றும் எனக்கு உறுத்துகிறது, இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

இந்த மௌனத்துக்கு நம் பக்கத்தில் இன்னொரு விலையும் இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. இரிடியம் மோசடி. கோயில் கலசத்தில் இடி விழுந்தால் அது இரிடியமாக மாறிவிடும், அரிசியை இழுக்கும், விண்வெளி ஆராய்ச்சிக்குக் கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்குவார்கள் என்று ஒரு கும்பல் சொல்லிக்கொண்டு திரிகிறது. ‘ரைஸ் புல்லிங்’ என்று பெயர். பழைய செட்டிநாட்டு வீடுகளில் செம்பும் பித்தளையும் நிறைய இருக்கும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஆகவே நம் பக்கம் இந்தக் கதைக்குக் கேட்கும் காது அதிகம். இரிடியம் என்பது நிஜமான உலோகம்தான், பிளாட்டினம் வகையைச் சேர்ந்தது, மிகக் கனமானது. இடி விழுந்து செம்பு அதுவாக மாறாது, அது அரிசியை இழுக்கவும் இழுக்காது. இதற்காகப் போலீஸ் பல முறை ஆட்களைக் கைது செய்திருக்கிறது, ஆனாலும் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். ‘வானத்திலிருந்து விழுந்ததை கவர்மெண்ட் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துட்டுப் போயிடுச்சு, என்னன்னு சொல்லலை, அப்ப எவ்வளவு மதிப்பு இருக்கும் பாத்துக்க’ என்று அந்த ஏமாற்றுக்காரன் சொல்லும்போது, அவன் சொல்வதில் முதல் பாதி உண்மையாக இருக்கிறது. அந்தப் பாதி உண்மையை அவனுக்குக் கொடுத்தது யார்? பேத்தி கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை இதில் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதும் மறைப்பதற்குச் சமமான கேடுதான். 2016 பிப்ரவரி 6 அன்று, அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நாட்றம்பள்ளி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிச்சத்தம் கேட்டு ஒரு பேருந்து ஓட்டுநர் இறந்தார். விண்கல் விழுந்ததால் நடந்தது என்று முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்து, குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் உதவி கொடுத்தார். உதவி கொடுத்தது நல்லதுதான். ஆனால் படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். நம் மாநிலத்தில் நிஜமாக விண்கல் விழுந்ததும் உண்டு: 2008 செப்டம்பரில் சூளகிரியில். அது அறிவியல் பதிவில் முறையாக ஏறியிருக்கிறது. ‘சோதித்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் தெரியவில்லை’ என்ற வாக்கியத்தை நாட்றம்பள்ளியில் முதல் இரண்டு நாள் சொல்லியிருந்தால் யாருக்கும் மதிப்புக் குறைந்திருக்காது.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: எல்லாவற்றையும் வெளியே சொன்னால் மக்கள் பயந்து போவார்கள் என்று. அதில் உண்மை இருக்கிறது. 1979 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழப்போகிறது என்று ரேடியோவிலும் தினத்தாளிலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எழுபத்தேழு டன் எடை. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் சாகப்போகிறோம் என்று வளர்த்த கோழியை எல்லாம் அடித்துக் குழம்பு வைத்தார்கள், வட்டிக்குக் கொடுத்தவர்கள் வீடுவீடாகப் போய் வாங்கப் பார்த்தார்கள். ஜூலை 12 காலையில் ஆஸ்திரேலியாவில் விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. அத்தோடு சரி. பயம் அன்றைக்கே தீர்ந்தது, சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள். எஸ்பெரன்ஸ் என்ற அந்த ஆஸ்திரேலிய ஊராட்சி, குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதி அனுப்பியது. பயத்துக்கு முடிவு நாள் இருக்கிறது, சந்தேகத்துக்கு இல்லை. திருமயம் பக்கத்துப் பொட்டலில் முப்பது வருடமாக அது உட்கார்ந்திருக்கிறது. பயப்படுவார்கள் என்று சொல்லாமல் விடுகிற அதிகாரி எதைக் கொடுத்து எதை வாங்குகிறார் என்று பாருங்கள்.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பித்தளை நிற உருளை ஒதுங்கியது. காணாமல் போன மலேசிய விமானத்தின் பாகம் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. அந்த நாட்டு விண்வெளி முகமை முதலில் ‘எங்களுக்கு இன்னும் தெரியவில்லை, மற்ற நாடுகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், கிட்டே போகாதீர்கள்’ என்று வெளிப்படையாக எழுதியது. ஜூலை 31 அன்று, இது பெரும்பாலும் இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாம் பாகம் என்று அறிவித்தது. இஸ்ரோவும் மறுக்கவில்லை. பேச்சு அத்தோடு அடங்கியது. கென்யாவின் முகுகு கிராமத்தில் 2024 டிசம்பர் 30 அன்று சுமார் 500 கிலோ எடையுள்ள வளையம் விழுந்தபோது, ராக்கெட்டின் பிரிப்பு வளையம் போலத் தெரிகிறது, ஆபத்தில்லை, விசாரிக்கிறோம் என்று இரண்டு மூன்று நாளுக்குள் அவர்களின் விண்வெளி முகமை சொல்லிவிட்டது. பெரிய பணக்கார நாடு இல்லை கென்யா. நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. ஹைதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் நிலையம், பலூன் விடுவதற்கு முன்பே எந்தெந்த மாவட்டங்களில் கருவிகள் இறங்கலாம் என்று பத்திரிகையில் அறிவிப்பு கொடுக்கும். கண்டால் தொடாதீர்கள், தெரிவியுங்கள், வெகுமதி தருகிறோம் என்று பெட்டியிலேயே முகவரியோடு எழுதி ஒட்டியிருக்கும். இஸ்ரோவும் மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளை 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலில் விழவைப்பதை முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தது. விண்ணில் ஏற்றுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் வந்துவிட்டது, தாலுகா அலுவலகம் வரை அது இன்னும் இறங்கவில்லை.

இனி உங்களுக்கு. நம் பக்கத்தில் ஐந்து ரூபாய் கைமாறினாலும் பேரேட்டில் ஒரு வரி ஏறும், எடுத்தவர் பெயர் இருக்கும். கண்மாயிலிருந்து போன உருண்டைக்கும் அப்படி ஒரு காகிதம் இருக்க வேண்டும். போலீஸ் எதை எடுத்துப் போனாலும் சாட்சிக் கையெழுத்தோடு மகஜர் எழுதுவது முறை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், காவல் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, தாசில்தார் அலுவலகத்துக்கு ஒரு மனு, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு போடுங்கள். ‘ஏன் மறைத்தீர்கள்’ என்று கேட்காதீர்கள், அந்தச் சட்டம் இருக்கும் ஆவணத்தைத்தான் தரும், காரணத்துக்கு விளக்கம் எழுதித் தராது. இன்ன தேதியில் இன்ன கண்மாயில் கைப்பற்றிய பொருளுக்கான மகஜர் நகல், அது எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, சோதனை அறிக்கை வந்திருந்தால் அதன் நகல் என்று மூன்றே மூன்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லி மறுத்தால் எந்தப் பிரிவின் கீழ் என்று எழுதியாக வேண்டும். ஒரு பகுதி மட்டும் ரகசியம் என்றால் மீதியைப் பிரித்துத் தரச் சொல்லும் பிரிவு 10ஐ மேல்முறையீட்டில் குறிப்பிடுங்கள். விண்வெளித் துறைக்கு அனுப்பினோம் என்று பதில் வந்தால் அங்கேயும் இதே போல ஒரு மனு.

உங்கள் உருண்டை டைட்டேனியக் கலனா, தண்ணீர்த் தொட்டி மிதவையா என்று எனக்குத் தெரியாது என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சில விஷயங்கள் தெரிந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து சொல்ல முடியும். அன்று தூக்கிப் பார்த்தவர்கள் யாராவது ஊரில் இருந்தால் கேட்டு எழுதுங்கள்: எத்தனை பேர் சேர்ந்து தூக்கினார்கள், மேலே கருப்பாக மயிர் மயிராக நார் பிரிந்து தொங்கியதா, நிறம் வெள்ளையா அல்லது நீலமும் மஞ்சளும் கலந்ததா, எங்காவது எழுத்தோ எண்ணோ இருந்ததா, கிடந்த இடத்தில் மண் குழிந்திருந்ததா. ஆடு மேய்த்தவர்களிடம் செல்போன் படம் இருந்தாலும் இருக்கும், தையல் தெரிகிற மாதிரி ஒன்று கிடைத்தால் அனுப்புங்கள், பார்த்துவிட்டு எனக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்று இங்கேயே எழுதுகிறேன்.